ஓய்வு நேரத்தில் அவர் சொன்னது

ஓய்வு என்றால் என்ன என்று கேட்டால் ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு பதில் சொல்லும், நர்ஸின் முழங்கால் வேறொரு பதில் சொல்லும். இந்த இரண்டு பதிலையும் ஒரே மேஜையில் உட்கார்த்திப் பேசித் தீர்க்கும் வேலை சமரச அதிகாரி இளவழகனுக்கு வாய்த்திருந்தது. மனிதர் நல்லவர். ஆனால் ஒரே சண்டையை நான்காவது தடவை கேட்பவரின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம். மனிதனின் களைப்பையே கழற்றி வைக்கிற கருவி வந்துவிட்ட காலம் அது. கோயம்புத்தூர் தொழிலாளர் அலுவலகத்து மின்விசிறிக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. அது பழையபடி முனகிக்கொண்டே சுற்றியது.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி ரகோத்தமன். இந்தப் பக்கம் நர்ஸ்கள் சங்கத்தின் செயலாளர் மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் அரசியக்கா. மதுரைக்காரி, பேச ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்த மாட்டாள். அவள் பக்கத்தில், பேசுவதற்கென்றே கூட்டிவரப்பட்டு இதுவரை வாயே திறக்காத ஜெசிந்தா. இதய நோய் வார்டில் பல வருடமாக வேலை பார்த்துவிட்டு, போன மாதம் வேறு வார்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைச் சிமெண்ட் தரையில் பதித்து வைத்திருந்தாள். அந்தக் குளிர்ச்சி அவ்வளவு சுகமாக இருந்தது. சமரசம் பேசி முடியாமல் இப்படியே இழுத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு.

"எங்க கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான் சார்" என்று அரசி ஆரம்பித்தாள்.

"ரிலீவர். எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சும்மா."

"ஆனாலும் சொல்றேன். வார்டுக்கு ஒரு ரிலீவர். தனக்குன்னு நோயாளி இல்லாத நர்ஸ். நாங்க சாப்பிடப் போனா, ஒண்ணுக்குப் போனா, அந்த நேரத்துக்கு எங்க நோயாளிகளப் பாத்துக்க ஒரு ஆளு. முன்னாடியெல்லாம் பக்கத்துல நிக்கிற பிள்ளைகிட்ட 'கொஞ்சம் பாத்துக்கடி'ன்னு சொல்லிட்டுப் போவோம். அவளுக்கே தலைக்கு மேல வேல. எங்காளுகளையும் சேத்துப் பாக்கணும். பாவம்னு பாத்து யாரும் சாப்பிடவே போறதில்ல."

"அதைத்தான் நாங்க தீர்த்துட்டோமே" என்றார் ரகோத்தமன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தார். காது மடலில் மாட்டிக்கொள்ளும் கிளிப். புடவைக்குக் குத்தும் ஊசியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

இளவழகன் அதைத் தொடாமல் எட்டிப் பார்த்தார். "இதை எனக்குப் புரியற மாதிரி இன்னொரு தடவை சொல்லிடுங்க. மேலே எழுதணும்."

"சார், நீங்க வண்டியில வீட்டுக்குப் போறீங்க. மனசுல ஏதோ யோசனை. வாசல்ல வந்து நின்னப்புறம்தான் வந்துட்டோம்னே தெரியுது. நடுவுல சிக்னல்ல நின்னிருப்பீங்க, எதிர்ல வந்த லாரிக்கு ஒதுங்கியிருப்பீங்க. எதுவுமே ஞாபகம் இருக்காது. ஆனா ஒழுங்காத்தானே ஓட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"பழகின வேலையைச் செய்ய மூளையில கொஞ்சம் இடம் போதும். மீதி இடம் இருக்கே, பசிக்குது, வலிக்குது, எப்போ வீட்டுக்குப் போவோம்னு புலம்பிட்டே இருக்கற இடம், அதை மட்டும் இந்தக் கிளிப் அரை மணி நேரம் தூங்க வைக்குது. உடம்பு தன்பாட்டுக்கு வேலை செய்யும். டிரிப்ஸ் மாத்தும், பி.பி. பார்க்கும். நோயாளி பேசினா பதில்கூடச் சொல்லும். மானிட்டர் கத்தினா அந்த நொடியே முழிப்பு வந்துடும்."

"பதில் சொல்லுமா? என்ன பதில்?"

"வழக்கமா சொல்றதுதான். 'சொல்லுங்க', 'சரிங்க', 'நான் பார்த்துக்கறேன்.' பார்க்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார் ரகோத்தமன். அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது.

"நோயாளிக்குச் சொல்லுவீங்களா, இந்த சிஸ்டர் இப்போ தூங்கறாங்கன்னு?"

"சொன்னா வீணா பயப்படுவாங்க சார்."

அரசி குறுக்கே பாய்ந்தாள். "மூளைக்குத்தான் சார் ரெஸ்ட்டு. காலு என்ன பாவம் பண்ணுச்சு? முழிச்சா பசி அப்படியே இருக்கு. மூத்திரத்தக்கூட அடக்கிட்டு நின்னுருக்கோம்னு முழிச்சப்புறந்தான் தெரியுது. எங்க பிள்ளைகள்ல பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. வெக்கத்த விட்டுச் சொல்றேன், எழுதிக்கங்க."

இளவழகன் வெட்கப்பட்டுக்கொண்டே எழுதினார்.

ரகோத்தமன் குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்துகிற ஆளும் இல்லை. கிளிப் வந்த பிறகு மருந்து மாறிப்போவது பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். நோயாளிகள் சொல்லும் புகார் குறைந்துவிட்டது என்றார். "உண்மையைச் சொன்னா கோவிச்சுக்காதீங்க. சிஸ்டர்கள் முழிச்சிருக்கற நேரத்தைவிடக் கிளிப்ல இருக்கற நேரத்துலதான் நோயாளிகள் அவங்களை அதிகமா பாராட்டறாங்க. எரிஞ்சு விழறதில்லை, அவசரப்படறதில்லை."

அது உண்மைதான் என்று அரசிக்கும் தெரியும்.

"கிளிப்பால ஒரே ஒரு நோயாளி பாதிக்கப்பட்டார்னு காட்டுங்க" என்றார் ரகோத்தமன். "இன்னைக்கே ரிலீவருக்குக் கையெழுத்துப் போடறேன்."

அரசி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா தன் பாதங்களைப் பார்த்தாள். இளவழகன் இருவரையும் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வரலாம் என்றார்.

எதிர்க்கடையில் டீ வாங்கிக்கொண்டு, அரசி அவளை ஒரு வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்? அந்தாளு கேக்குறதே அந்த ஒண்ணத்தானடி. உன் கையில இருக்கு."

"முடியாதுக்கா."

விஷயம் இதுதான். நஞ்சப்பன் என்று ஒருவர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர், இதயம் பலவீனமாகி ஜெசிந்தாவின் வார்டில் இருந்தார். ஒரு மதியம் அவருக்கு டிரிப்ஸைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அவளுடைய கிளிப் நேரம் வந்தது. மாட்டிக்கொண்டாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது மானிட்டரின் அலறல். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நஞ்சப்பனின் கை அவள் கையை இறுகப் பிடித்திருந்தது. அவர் கன்னம் நனைந்திருந்தது, அவள் மணிக்கட்டும் நனைந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் தெளிவோடு அவள் விழித்தாள். அப்பாடா என்றுதான் அவள் மனம் முதலில் சொன்னது. அதற்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

டாக்டர்கள் ஓடிவந்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், பிறகு நிறுத்தினார்கள். கீழே கேண்டீனுக்குப் போயிருந்த அவர் மனைவி ராமாத்தாள் திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அந்த அம்மாள் அழவில்லை. ஜெசிந்தாவிடம் வந்து, "கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. பிள்ளைகள் கேட்பார்கள், சண்டை போட்டுப் பிரிந்த தம்பி கேட்பான், விவாகரத்தான மனைவிகூடக் கேட்பாள். வார்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் பாடமாக நடத்தியதில்லை, ஆனால் எல்லா நர்ஸுக்கும் தெரியும். அந்தக் கேள்வியோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. இறந்தவர் ஒன்றுமே சொல்லாமல் போயிருந்தாலும், உங்க பேரைச் சொன்னார் என்றோ, வலியில்லாமல் போனார் என்றோ எதையாவது கொடுத்து அனுப்புவார்கள். ஜெசிந்தாவும் கொடுத்தாள். "ராமாத்தா சாப்பிட்டாளான்னு கேட்டாரும்மா" என்றாள். அந்த அம்மாள் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"அவர் எதாவது சொன்னாரா இல்லியான்னே எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் ஜெசிந்தா. "இத நான் உள்ள போய்ச் சொன்னா பேப்பர்ல வரும், அந்தம்மா காதுக்குப் போகும். அவங்ககிட்ட இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான். சங்கத்துக்காக அதையும் பிடுங்கிக்கணுமா?"

"அப்புறம் எதுக்குடி அந்தப் பொய்யச் சொன்ன?"

"நீங்க சொன்னதில்லியா?"

அரசி டீயை ஆற்றினாள். ஆறிப்போன டீ அது, ஆற்ற ஒன்றுமில்லை. "சொல்லியிருக்கேன். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். ஆனா நான் அங்கன இருந்தேன்டி. அந்த ஆளு ஒண்ணும் சொல்லாமத்தான் போனாருன்னு என் கண்ணால பாத்துட்டுத்தான் பொய் சொன்னேன்."



அவர்கள் திரும்பிப் போனபோது அறையில் ஒரு நாற்காலி கூடியிருந்தது. வெளுத்த நூல் சேலையும் வெறும் நெற்றியுமாக அதில் ராமாத்தாள் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா அவரைப் பார்க்காமல் தன் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பை மறுபடி மேஜைக்கு அடியில் கழற்றினாள்.

"இந்தம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து சிஸ்டர் ஜெசிந்தாவைப் பார்க்கணும்னு கேட்டுட்டே இருந்திருக்காங்க" என்றார் ரகோத்தமன். "சிஸ்டர் வார்டு மாறிப் போயிட்டதால பார்க்க முடியலை. என்ன ஏதுன்னு விசாரிச்சப்போதான் தெரிஞ்சுது. சிஸ்டர் எங்கே வருவாங்கன்னு கேட்டாங்க, நானே கார்ல கூட்டிட்டு வந்து வெளியே உட்கார வெச்சிருந்தேன். அம்மா, எங்கிட்டச் சொன்னதை சார்கிட்டயும் சொல்லுங்க."

ராமாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அன்னிக்கு இந்த சிஸ்டருதானுங்க என்னையப் போயிச் சாப்பிட்டு வாங்கன்னாங்க. நான் பாத்துக்கறேன்னாங்க. கீழ போயிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க. பக்கத்துப் பெட்டுக்காரம்மா சொன்னாங்க, உங்க வீட்டுக்காரரு வெகு நேரம் பேசிட்டிருந்தாரு, அழுதுட்டே பேசுனாரு, அந்த சிஸ்டரு கையப் புடிச்சுட்டுக் குனிஞ்சு கேட்டுட்டே இருந்தாங்கன்னு. என்ன பேசுனாருன்னு அவங்களுக்கு வெளங்கலைங்க. நான் சிஸ்டர்கிட்டக் கேட்டனுங்க. ராமாத்தா சாப்பிட்டாளான்னு கேட்டாருன்னு சொன்னாங்க."

ரகோத்தமன் இளவழகன் பக்கம் திரும்பினார். "அந்த நேரம் முழுக்க சிஸ்டர் கிளிப்ல இருந்தாங்க சார். கருவியிலயே பதிவாகியிருக்கு. நோயாளியோட மனைவியைச் சாப்பிட அனுப்பியிருக்காங்க, அவர் கையைப் பிடிச்சு உட்கார்ந்திருக்காங்க, அவர் சொன்னதைக் கேட்டு ஞாபகம் வெச்சுச் சொல்லியும் இருக்காங்க. முழிச்சிருக்கற நர்ஸ் இதைவிட என்ன சார் செய்வாங்க? கிளிப்ல இருந்தா ஆள் அங்கே இல்லைன்னு சங்கம் சொல்லுது. இதோ, ஆள் இருந்திருக்காங்களே."

கணக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்தது. ஜெசிந்தா கருணையால் சொன்ன ஒரு பொய்யை நடுவில் வைத்துப் போட்ட கணக்கு. அதில் ரகோத்தமனைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கு அது பொய் என்று தெரியாது.

அரசி மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உண்மை தெரிந்தும் அதை அவள் போட்டுடைக்கவில்லை, அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

"என்ன சிஸ்டர், அம்மா சொல்றது சரிதானா?" என்றார் இளவழகன். "கிளிப்ல இருந்தப்போ உங்களுக்குக் கேட்டுச்சா?"

ஆமாம் என்றால் ரிலீவர் இல்லை. இனி எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. இல்லை என்றால், எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாள் எதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்? வெகு நேரம் பேசினாராம். அழுதுகொண்டே பேசினாராம். அது ஜெசிந்தாவுக்கு இப்போதுதான் தெரியும். தன் தலை குனிந்திருந்ததும் இப்போதுதான் தெரியும். சொல்லுங்க, சரிங்க, நான் பார்த்துக்கறேன் என்று அவள் வாய் சொல்லியிருக்கும். அந்த மனிதர் அதை நம்பியிருப்பார்.

அவள் எழுந்து நின்றாள். செருப்பைப் போட மறந்துவிட்டாள்.

"இல்ல சார். எனக்கு ஒண்ணும் கேக்கல." பிறகு ராமாத்தாளைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அம்மா, நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். அவர் சாப்பிட்டாளான்னு கேட்டார்னு சொன்னது நானா சொன்னது. அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாதும்மா. என்ன மன்னிச்சிருங்க."

மின்விசிறி முனகியது.

"பொய்யின்னு அப்பவே தெரியுமுங்க" என்றார் ராமாத்தாள்.

இளவழகன் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவரு என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்லீங்க. 'ஏ, இந்தா'தான். சாப்பிட்டியான்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க. கெட்டவரில்லீங்க, அதெல்லாம் கேக்கத் தெரியாது, அவ்வளவுதான். நீங்க சொன்னவொடனே நெனச்சேன், இது அவரு பேச்சில்லைன்னு."

"தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று இளவழகன் கேட்டார்.

"தெரிஞ்சதுனாலதானுங்க வந்தேன்." அவர் ஜெசிந்தாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்களுக்கு ஒரே புள்ளைங்க, வசந்தாமணின்னு. அவளாப் பாத்து வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டா. எம் பொணத்தக்கூடப் பாக்க வரக்கூடாதுன்னு சொன்னவருங்க அவரு. ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம், ஒண்ணு சொல்லோணும், ஒண்ணு சொல்லோணும்னுட்டே இருந்தாரு. நான் போயிப் பக்கத்துல உக்காந்தா வாய மூடிக்குவாரு. எங்கிட்டச் சொல்ல முடியாததத்தான் இந்த சிஸ்டர்கிட்டச் சொல்லிப்போட்டாருன்னு நெனச்சேன். அவ வரட்டும்னு சொன்னாரோ, வரக்கூடாதுன்னு சொன்னாரோ. கெட்ட வார்த்தையா இருக்கும், எம் மனசு நோகும்னுட்டு இவங்க மறைக்கறாங்கன்னு நெனச்சேன். என்னத்த மறைச்சீங்கன்னு கேக்கத்தான் வந்தனுங்க."

"மறைக்கலம்மா" என்றாள் ஜெசிந்தா. அழுகை வந்துவிட்டது. "எதையும் மறைக்கல."

"வரவேண்டாம்னு சொல்லியிருந்தாலும் பரவால்லைங்க, சொல்லிப்போடுங்க. அவரு கடைசியாச் சொன்னது இதுதான்னு ஒண்ணு எங்கிட்ட இருக்குமல்லங்க."

"எனக்குத் தெரியாதும்மா. நான் தூங்கிட்டிருந்தேன்."

"கையப் புடிச்சுட்டுத்தான் இருந்தீங்களாமே?"

"ஆமாம்மா. அப்படியேதான் தூங்கினேன். ஆஸ்பத்திரியில அதுக்கு ஒரு கிளிப் தந்திருக்காங்க."

ராமாத்தாள் மேஜைமேல் கிடந்த கிளிப்பைப் பார்த்தார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் கோபப்பட ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

ரகோத்தமன் தொண்டையைச் செருமினார். கெட்டிக்காரர், விட மனமில்லை. "ஒரு விஷயம். அன்னைக்கு ரிலீவர் இருந்திருந்தா சிஸ்டர் ஜெசிந்தா கேண்டீன்லதான் இருந்திருப்பாங்க. அப்பவும் அவர் சொன்னது இவங்களுக்குக் கேட்டிருக்காதே?"

"எனக்குக் கேட்டிருக்காது சார்" என்றாள் ஜெசிந்தா. "ரிலீவருக்குக் கேட்டிருக்கும். யாராவது ஒருத்தர் அங்க முழிச்சுட்டு இருந்திருப்பாங்க. நாங்க கேக்கறதே அதைத்தான்."

ராமாத்தாள் ரகோத்தமன் பக்கம் மெல்லத் திரும்பினார். சண்டை போடும் குரலில்லை. வழி தெரியாதவர் பஸ் ஸ்டாண்டில் விசாரிக்கிற குரல்.

"அப்ப அவரு யாருகிட்டங்க சொன்னாரு?"

ரகோத்தமன் காகிதத்தைப் புரட்டினார். எல்லாக் கணக்கும் அதில் இருந்தது, மருந்து, புகார், பாராட்டு, மிச்சமான சம்பளம். இது மட்டும் இல்லை. அவரும் நல்ல மனிதர்தான், வீட்டில் அவருக்கும் யாராவது படுக்கையில் இருக்கலாம். "மேலிடத்துல பேசிட்டு வந்துடறேன் சார்" என்று எழுந்து வராந்தாவுக்குப் போனவர், வெகு நேரம் வரவில்லை. கண்ணாடி வழியாக, போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் நடப்பது தெரிந்தது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற ஒரு மனிதர் தன் முதலாளிகளிடம் மன்றாடினால் எப்படி நடப்பாரோ, அப்படித்தான் நடந்தார்.

திரும்பி வந்து, மாடிக்கு இரண்டு ரிலீவர் என்றார். வார்டுக்கு ஒன்று என்று கேட்டது பல வார்டுகள் இருக்கும் ஒரு மாடிக்கு இரண்டாயிற்று, அதுவும் ஆறு மாதச் சோதனைக்கு. கிளிப் இருக்கும், ஆனால் விருப்பப்பட்டவர் மட்டும் மாட்டலாம், நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஜெசிந்தா சொன்னதை இளவழகன் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி, ஒப்பந்தத்தோடு இணைத்தார்.

நாலு வருடமாகக் கேட்டது கிடைத்திருக்கிறது. கோஷம் போட்டிருக்கலாம். அரசி நாற்காலியில் அப்படியே சரிந்து, "தூக்கம் வருதுடி ஜெசி" என்றாள். அவள் போனில் சங்கத்துப் பெண்களின் வாழ்த்துகள் கொட்டிக்கொண்டே இருந்தன. எடுத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ராமாத்தாள் எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் பல்லடம் பஸ்ஸுக்காக அவர் நின்றிருந்தார். காரில் கூட்டிவந்தவர்கள் திரும்பக் கொண்டுபோய் விட மறந்துவிட்டார்கள்.

"அம்மா" என்றாள் ஜெசிந்தா, மூச்சு வாங்க.

"உங்களுக்கு அந்த ஆளு வேணும்னு கேட்டது கெடைச்சுதுங்களா?"

"கிடைச்சுதும்மா."

"நல்லதுங்க. சாப்பிட்டுட்டு வேல பாருங்க." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் ஜெசிந்தாவுக்குத் தாங்கவில்லை.

"என்மேல கோவப்படுங்கம்மா. திட்டுங்க."

"தூங்கறவங்க மேல யாருங்க கோவிச்சுக்குவாங்க? நீங்க முழிச்சுட்டிருந்து சொல்லாம உட்டிருந்தாத்தான் கோவம். அப்படித்தான் இத்தன நாளா உங்களைய வஞ்சிட்டிருந்தேன். இப்ப வைய ஆளில்லாமப் போச்சு."

ராமாத்தாளின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அவர் உடனே எடுக்கவில்லை. "எம் புள்ளைங்க. சிஸ்டரப் பாத்தியா பாத்தியான்னு காலையில இருந்து கேட்டுட்டிருக்கா. அவர எடுத்த அன்னிக்குச் சுடுகாட்டு ரோட்டுல, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமா நின்னுட்டுப் போனா பாவி. அப்பா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாராம்மான்னு அன்னிக்கும் அதத்தான் கேட்டா."

போன் நின்றது. மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"பாத்துட்டேன் கண்ணு. ஆமா, அந்த சிஸ்டருதான். கேட்டேன்." பேசிக்கொண்டே அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். கண்ணில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. "சொன்னாங்க. உன்னையத்தான் கேட்டாராம். வசந்தாமணி சாப்பிட்டாளான்னு கேட்டாராம்."

போனுக்குள் ஒரு பெண் வாய்விட்டு அழுவது ரோட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ராமாத்தாள் காத்திருந்தார்.

"நான் எதுக்கு உங்கிட்டப் பொய் சொல்றேன்? இங்கதான் நிக்கறாங்க. நீயே கேட்டுக்க." போனை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அவள் கையெழுத்துப் போட்ட காகிதம் இந்நேரம் மாடியில் அதிகாரியின் மேஜைமேல் இருக்கும். அது சர்க்கார் காகிதம். நாளைக்குப் பத்திரிகையிலும் வரலாம், வசந்தாமணி அதைப் படிக்கவும் படிக்கலாம். இது எல்லாம் ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. கை நீண்டு போனை வாங்கியதும் தெரிந்தது. கிளிப் இல்லாமல், முழிப்போடு வாங்கியது அவள்தான்.

"சிஸ்டருங்களா?" மூக்கை உறிஞ்சும் சத்தம். "அம்மா சொல்றது நெசமுங்களா? எங்கப்பா வெகு நேரம் பேசுனாராமே. அழுதாராமே. அந்தப் பக்கத்துப் பெட்டுக்காரம்மா சொன்னாங்களாமே. நீங்க பக்கத்துலயேதான இருந்தீங்க? என்னென்ன சொன்னாருன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க சிஸ்டர்."

பல்லடம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கத்தினார். ராமாத்தாள் ஏறவில்லை. நிழற்குடையின் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, ஜெசிந்தாவை ஏறிட்டுப் பார்த்தார். கேட்கப்போவது மகள் மட்டுமல்ல என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. பஸ் போய்விட்டது.

ஜெசிந்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமாம்மா, பக்கத்துலயேதான் இருந்தேன்" என்றாள். "சொல்றேன், கேளுங்க."